காண்ட்ராக்டர் வீட்டு ஜெபம்

டிசம்பர் பனியில் தொய்ந்துபோன ஆட்டுத்தோலைப் பழைய செய்தித்தாள் கொளுத்திய தீயில் காட்டிக் காட்டிச் சூடேற்றும்போது ஒரு வாசனை வரும், கருகலும் இல்லாமல் சமையலும் இல்லாமல் மூக்கைத் துளைத்துக்கொண்டு நேரே வயிற்றுக்குள் இறங்குகிற வாசனை. அது வந்துவிட்டால் அன்று சாயங்காலம் கிறிஸ்துமஸ் பாட்டோடு வீடு வீடாகப் போகும் 'கேரல் ரவுண்ட்ஸ்' என்று அர்த்தம், அதற்குப் பிறகு எங்களுக்குச் சோறு இறங்காது, வீட்டுப்பாடம் ஓடாது, கால் தரையில் நிற்காது. 'டேப்பு' என்று நாங்கள் சொல்லும் அந்த ஒற்றைத்தோல் வாத்தியத்தை எங்கள் சபையில் அப்பாதான் வாசிப்பார். ஓரகடத்துக் கம்பெனிகளை நம்பித் தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து கிளம்பி வந்து சேரப்பணஞ்சேரியில் வாடகைக்குக் குடியிருந்த எங்களைப் போன்றவர்கள் சேர்ந்து உண்டாக்கிய சபை அது. ஒரு ஹார்டுவேர் கடை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, ஞாயிறு ஷிஃப்ட் இல்லாதவர்கள் கூடுவோம். அப்பா டேப்பில் கை வைத்தால் கடைக்காரரும் கணக்கை நிறுத்திவிட்டு மேலே பார்ப்பார்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் அப்பா அதைத் தொடவில்லை. அந்த ஆடி மாதம் பிரஸ் மிஷினில் அவருடைய வலது கை விரல்கள் இரண்டு போய்விட்டன. கை உள்ளே இருந்தால் மிஷின் தானாக நின்றுவிட வேண்டும், அதற்கென்று ஒரு சென்சார் உண்டு. ஆனால் அடிக்கடி நின்றால் உற்பத்தி குறைகிறதென்று அதன் ஒயரைக் கழற்றிப் போடச் சொன்னவர் அப்பாவை வேலைக்குச் சேர்த்துவிட்ட காண்ட்ராக்டர், டேவிட் அங்கிள். எங்கள் சபைக் கமிட்டியில் முன்வரிசை ஆள். அப்பாவைத் தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அவரே, போன இடத்தில் கூசாமல், "குட்ச்சிட்டு வூட்டு மோட்டார்ல கைய வுட்டுக்கினான்" என்று எழுதிக் கொடுத்தவரும் அவரே!

குடியாம். என் அப்பாவாம். இருமலுக்கு மருந்து குடிப்பதற்கே லேபிளைத் திருப்பித் திருப்பிப் படிக்கிற மனுஷர் அவர். வயிறு எரிகிறது இன்றைக்கும். விரல் போனதற்கு அழாத அப்பா, அந்த வார்த்தையைக் கேட்ட அன்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பக்கத்து மிஷினில் நின்ற செல்வின் அண்ணன் ஒருவர்தான் நடந்ததைப் பார்த்தவர். சாத்தான்குளத்துப் பிள்ளை, எங்கள் வீட்டில் எத்தனையோ ஞாயிறு சாப்பிட்டவர், கம்பெனி விசாரணையில் தான் டீ குடிக்கப் போயிருந்ததாகச் சொல்லிவிட்டார். பண்டிகை முடிந்ததும் கடைசி விசாரணை. அதிலும் யாரும் வாய் திறக்காவிட்டால் அப்பா குடிகாரர் என்றே முடிவாகிவிடும், வேலையும் போய்விடும்.

"அவருக்குத் தெரியும்" என்று மேலே கையைக் காட்டுவதோடு அப்பா நிறுத்திக்கொள்வார். "அவருக்குத் தெரிஞ்சா போதுமா, ஊருக்குத் தெரியாண்டாமா" என்று அம்மா பாத்திரத்தைப் போட்டு உருட்டுவாள். எனக்கோ இரண்டு பேர் போக்கும் சரிப்படவில்லை. ஆண்டவர் நீதியுள்ளவர் என்று ஞாயிறு பள்ளியில் அத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே, அப்படியானால் ஏதாவது விழ வேண்டும், டேவிட் அங்கிள் வீட்டின் மேல், எங்கள் கண்ணெதிரே! ஸ்கூலுக்குப் போகும் வழியில்தான் அந்த மாடி வீடு. தினமும் ஷேர் ஆட்டோவில் கழுத்தை நீட்டிப் பார்ப்பேன். தண்ணீர் டேங்க் நிற்கிறதா, நிற்கிறது. காம்பவுண்டுச் சுவரில் ஒரு கீறலாவது உண்டா, இல்லை. இடி வேண்டும் என்று கேட்டேன். ஆவணி போய்ப் புரட்டாசி வந்தும் இடி வராததால் இறங்கி வந்து, கடைவாய்ப் பல்வலியாவது கொடுங்கள் ஆண்டவரே என்றேன். அந்த மனுஷர் புதுக் கார் வாங்கினார்! பின்கண்ணாடியில் 'கர்த்தர் தந்த ஈவு' என்று ஸ்டிக்கர் வேறு. எனக்கு வந்த கோபத்தில் அன்று ராத்திரி ஜெபமே பண்ண மாட்டேன் என்று குப்புறப் படுத்துவிட்டேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏட்டி, ஆண்டவருக்கே நீ சூப்பர்வைசர் வேலை பாக்காத" என்றாள்.

எங்கள் வீட்டுக்கார அம்மா இதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், கிருத்திகை தவறாமல் வல்லக்கோட்டைக்குப் போகிறவர், "எங்க முருகன் காதுலயும் போட்டு வெச்சிக்கிறேன், யாருக்கு டைம் கெடைக்குதோ அவுரு பாத்துக்கட்டும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். இது ஆண்டவருக்குத் தெரிந்தால் கோபிப்பாரோ என்று நான் கொஞ்சநாள் பயந்ததும் உண்டு.

இப்படியாக டிசம்பர் வந்தது. எங்கள் கேரல் ரவுண்ட்ஸில் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய்ப் பாடி, கிறிஸ்துமஸ் தாத்தா ஆடி மிட்டாய் கொடுத்து முடித்ததும், வந்தவர்களில் ஒருவர் அந்த வீட்டுக்காக ஜெபம் பண்ணுவார். அவர் 'ஆமென்' என்று முடிக்கும்வரை மற்றவர்கள் கண்ணைத் திறக்கக் கூடாது, குறுக்கே பேசவே கூடாது, கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஆமென் சொன்னால்தான் அது சபையின் ஜெபம். அந்த வருஷம் டேப்பு வாசித்தது வேறு யாரோ. தாளம் தண்டவாளத்தை விட்டு ஓடியது. கட்டுப் பிரித்த கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு அப்பா கூடவே நடந்தார். தாத்தா வேஷம் செல்வின் அண்ணனுக்கு. ரப்பர் முகமூடி, பஞ்சுத் தாடி, சிவப்பு அங்கி. மனுஷர் போட்ட ஆட்டத்தில் நாங்கள் குழந்தைகள் தொண்டை வறளக் கத்தினோம். முகமூடி போட்டிருந்ததால்தான் அவரால் அப்பா பக்கத்தில் அவ்வளவு தைரியமாக நிற்க முடிந்ததென்று எனக்கு அப்போது புரியவில்லை.

கடைசி வீடு டேவிட் அங்கிள் வீடு. அங்கேதான் கேசரியும் டீயும் என்பது வழக்கம். வாசலில் அம்மா நின்றுவிட்டாள்; அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். இன்றைக்கு விழும், நிச்சயம் விழும், நாங்கள் உள்ளே இருக்கும்போது கூரை விழுந்துவிட்டால் என்ன செய்வது என்றுகூட யோசித்து ஜன்னல் ஓரமாக ஒண்டிக்கொண்டேன். பாட்டு முடிந்தது. பாஸ்டர் ஜெபத்துக்குத் தொண்டையைச் செருமினார். அப்போது டேவிட் அங்கிளின் மனைவி எஸ்தர் ஆன்ட்டி, தரையைப் பார்த்துக்கொண்டே, இந்தத் தபா தங்கராஜ் அண்ணன் ஜெபம் பண்ணட்டும் என்று சொல்லிவிட்டார். தங்கராஜ் என் அப்பா. ஆன்ட்டி ஏன் அவரைக் கேட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மனசு உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் ஒரு கண்ணைத்தான் மூடினேன்.

அப்பா முதலில் அந்த வீட்டுப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி, படிப்பையும் சுகத்தையும் கொடும் என்று கேட்டார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பிறகு கொஞ்சம் நிறுத்தினார். சட்டைப்பையிலிருந்து கையை வெளியே எடுத்தார்.

"ஆண்டவரே, மிஷின்ல என் கை மாட்டினப்ப நீர் பக்கத்துல இருந்தீர். ஒயரைக் கழட்டச் சொன்னது யாருன்னு உமக்குத் தெரியும். நான் குடிக்கலைன்னும் உமக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு ஒரு கேடும் வரக் கூடாது. ஆனா அந்தப் பொய் இந்த வீட்டுல தங்கக் கூடாது ஆண்டவரே, அதை வெளிய எடுத்துப் போடும். ஆமென்."

ஆமென் வரவில்லை. அத்தனை பேர் நின்ற கூடத்தில் ஒரு வாய்கூட அசையவில்லை, பாஸ்டர் வாய்கூட. கண்ணைத் திறக்க எல்லோருக்கும் பயம். டேவிட் அங்கிள் மட்டும் திறந்து, "இன்னாபா இது, ஜெபத்துல போயி கம்பெனி மேட்டரைப் பேசிக்கினு" என்று சிரிக்கப் பார்த்தார்.

அப்போது முகமூடிக்குள்ளிருந்து அடைத்த குரலில் ஒரு ஆமென் வந்தது. செல்வின் அண்ணன் முகமூடியைத் தலைக்கு மேல் தூக்கினார். முகமெல்லாம் வியர்வையா கண்ணீரா என்று தெரியாத ஈரம், தாடிப் பஞ்சு கன்னத்தில் ஒட்டியிருந்தது.

"நான் டீ குடிக்கப் போவல பாஸ்டர். பக்கத்து மிஷின்லதான் நின்னேன். ஒயரைக் கழட்டச் சொன்னதும் இவருதான், என்னைப் பொய் சொல்லச் சொன்னதும் இவருதான்" என்றார்.

எஸ்தர் ஆன்ட்டி ஆமென் என்றார், அழுதுகொண்டே. அப்புறம் பாஸ்டர், அப்புறம் ஆளாளுக்கு. வாசலிலிருந்து அம்மாவின் ஆமென் தெருவுக்கே கேட்டது. கேசரியை யாரும் தொடவில்லை. வீடு திரும்பும்போது நான் டேப்பைப் பிடுங்கிக்கொண்டு அடி அடியென்று அடித்தேன், தாளமாவது மண்ணாவது! அப்பா என்னைத் தடுக்கவில்லை. ஆடி மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடைசி விசாரணையில் செல்வின் அண்ணன் இதையே சொன்னார். அப்பா பெயரிலிருந்த குடிகாரப் பட்டம் போயிற்று, கம்பெனி வாசல் கேட்டில் உட்கார்ந்து பார்க்கிற வேலையும் கொடுத்தார்கள். மிஷின்களுக்குச் சென்சார் திரும்ப வந்தது. டேவிட் அங்கிள் மேல் ஒன்றும் விழவில்லை. சபையை மாற்றிக்கொண்டார், காரை மாற்றவில்லை. வேலை போனது செல்வின் அண்ணனுக்குத்தான். புது வருஷம் பிறப்பதற்குள் வெளியே அனுப்பிவிட்டார்கள், பக்கத்தில் எந்தக் காண்ட்ராக்டரும் அவரைச் சேர்க்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஓசூர் பஸ் ஏறினார். எனக்கு அன்று ஆண்டவர் மேல் மறுபடியும் கோபம் வந்தது.

இன்று அந்த ஹார்டுவேர் கடை மாடியில் ஒரு மென்ஸ் ஹாஸ்டல் இருக்கிறது. டேவிட் அங்கிள் வீடு நின்ற இடத்தில் கண்டெய்னர் லாரிகள் திரும்புகின்றன. கேரல் ரவுண்ட்ஸ் இப்போது மினி வேனில் ஸ்பீக்கர் கட்டி வருகிறது. அபார்ட்மென்ட் கேட்டோடு ஒரு பாட்டு, போனில் ஒரு வீடியோ, அடுத்த கேட். ஒருவரும் வீட்டுக்குள் வருவதில்லை, அதனால் யாரும் யாருக்காகவும் கண்ணை மூடி நிற்பதுமில்லை. எனக்கு ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

போன கிறிஸ்துமஸுக்குச் செல்வின் அண்ணனுக்குப் போன் பண்ணினேன். ஓசூரில் சொந்தமாக லேத் பட்டறை வைத்துக் காலூன்ற அவருக்கு எத்தனையோ வருஷம் பிடித்திருக்கிறது. அன்றைக்குப் பேசாமல் இருந்திருக்கலாமே என்று எப்போதாவது தோன்றியதுண்டா அண்ணே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று நான் நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் அவர் பதில் சொல்லிவிட்டார்.

"முன்னால நிறைய நாள் தோணியிருக்கு, பிள்ள. ஆனா உங்க அப்பா ஜெபத்துக்கு அன்னைக்கு ஆமென் சொல்லாம வந்திருந்தா, அதுக்கப்புறம் எவன் ஜெபத்துக்கும் என்னால ஆமென் சொல்ல முடிஞ்சிருக்காது."