அரியலூர்க்காய்

அரியலூரில் பி.ஏ. கடைசி வருடம் படித்தபோது, வாரச் சந்தையில் காய்கறி விற்கும் பெண்களைப் பற்றி நான் ஒரு புராஜெக்ட் எழுத வேண்டியிருந்தது. பத்துப் பேரையாவது பார்த்துப் பேச வேண்டும். நான் ஒருத்தரைக்கூடப் பார்க்கவில்லை. கோயம்புத்தூரில் படித்த அத்தை மகள் தன் புராஜெக்டை போனில் அனுப்பிவைத்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டைப்பிங் கடையில் உட்கார்ந்து, ‘கோவை’ என்று இருந்த இடத்திலெல்லாம் ‘அரியலூர்’ என்று ஒரே தட்டில் மாற்றினேன். பைண்டிங் போட்டுக் கையில் வாங்கியபோது நானே எழுதியதுபோலப் பெருமையாக வேறு இருந்தது.

இரண்டு நாள் கழித்து கைடு சார் கூப்பிட்டார். மேசைமேல் என் புராஜெக்ட் திறந்து கிடந்தது.

“அரியலூர்க்காய்னா என்னம்மா?”

எட்டிப் பார்த்தேன். ‘இப்பெண்கள் கத்தரிக்காய், அரியலூர்க்காய், கீரை ஆகியவற்றை விற்கின்றனர்.’ கோவைக்காயையும் கம்ப்யூட்டர் விட்டுவைக்கவில்லை. அப்போதாவது வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம்.

“எங்க செந்துறைப் பக்கம் வெளையுதுங்க சார்.”

“அப்படியா? நான் சாப்பிட்டதே இல்லியே. அடுத்த வாரம் அரைக் கிலோ கொண்டாம்மா.” சிரிக்காமல்தான் சொன்னார். பிறகு குரலை இறக்கினார். “அடுத்தவங்க எழுதுனத எடுத்துக்கலாம். யாரு எழுதுனதுன்னு சொல்லிட்டு எடுத்துக்கணும். ஒரு வாரம் தரேன். திரும்ப இப்படியே வந்தா என்னால கையெழுத்துப் போட முடியாது.”

அவர் கையெழுத்து இல்லையென்றால் எனக்கு டிகிரி இல்லை.

வீட்டுக்குப் போனால், அம்மா சாக்கிலிருந்து கோவைக்காயைக் கொட்டிச் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மாவும் சந்தையில் காய் விற்கிறவள்தான். கல்லூரிப் படிவத்தில் நான் ‘விவசாயம்’ என்று நிரப்பியிருந்தேன். காய் விற்கிறாள் என்று எழுத எனக்கு வெட்கம்.

“காயை ஏன்டி மொறைக்கிற?” என்றாள்.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“கோயமுத்தூர்ல எவளோ சொன்னத எழுதிக் குடுத்திருக்க. நான் இங்கதானே கெடக்குறேன். ஒரு வார்த்த கேட்டியாடி?”

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்த வாரச் சந்தையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளையும், வரிசையில் இருந்த ஒன்பது பேரையும் கேட்டேன். ‘மழை வந்தா மொதல்ல காய்க்குத் தார்ப்பாய், அப்பறந்தான் எனக்கு’ என்று அம்மா சொன்னதைத் திருத்தாமல் மேற்கோள் குறிக்குள் வைத்தேன். அத்தை மகளிடம் எடுத்த இரண்டு பத்திகளுக்குக் கீழே அவள் பெயரைப் போட்டேன். பேட்டி கொடுத்தவர்கள் பட்டியலில் அம்மா பெயரும் இருந்தது. அவள் என் அம்மா என்று மட்டும் எங்கேயும் எழுதவில்லை.

சார் நிதானமாகப் படித்து முடித்தார். நான் கொண்டுபோன பையைப் பிரித்துப் பார்த்தார்.

“இதான் அந்த அரியலூர்க்காயா?” பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

“இல்லைங்க சார், கோவைக்காய்தான். எங்கம்மா சந்தையில விக்கிறது.”

மூன்று வருடத்தில் அந்தக் கல்லூரியில் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.