பெங்களூர் வழி டிக்கெட்

பூனாவில் இருக்கும் எங்கள் மகள் வீடு வாங்கியிருந்தாள். பிரதிஷ்டை ஜெபத்துக்கு நாள் குறித்ததும், எங்கள் இருவருக்கும் விமான டிக்கெட் போடுகிறேன் என்றாள். நான் வேண்டாம் என்றேன். முப்பத்துநான்கு வருடம் தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பலோரம் நின்று மூட்டை எண்ணியவன் நான். பூனா போக என்ன செலவாகும் என்பதை நானே கணக்குப் போட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

முதியோர் சலுகை இருந்த காலத்தில் இந்தப் பாடு இல்லை. எனக்கு நாற்பது சதவீதம் குறையும், என் மனைவிக்கு ஐம்பது. கொரோனாவோடு அது போனது போனதுதான். இனி வழியில்தான் மிச்சம் பிடிக்க வேண்டும். எண்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, கால அட்டவணையையும் கைபேசியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எட்டு நாள் உட்கார்ந்தேன். பதினோரு வழி கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் தூரம், கட்டணம், மாறும் இடம், ஏற வேண்டிய படிக்கட்டு எல்லாம் எழுதினேன். வேண்டாம் என்று அடித்தவற்றுக்குப் பக்கத்தில் காரணமும் எழுதினேன். சென்னை வழிக்கு, 'எழும்பூரில் இறங்கி சென்ட்ரலுக்கு ஆட்டோ, அவள் முட்டி தாங்காது' என்று இருக்கும்.

கடைசியில் நின்றது பெங்களூர் வழி. சாயங்காலம் இங்கிருந்து புறப்படும் வண்டியில் ஏறினால் காலையில் பெங்களூர். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போகும் டிக்கெட்டில் ஓரிடத்தில் இறங்கி இரண்டு நாள் தங்கிவிட்டு, அதே டிக்கெட்டில் மேற்கொண்டு போகலாம் என்று ஒரு விதி உண்டு. தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கு ஆகும் காசு குறையும் என்பதால், இரண்டாகப் பிரித்து எடுப்பதைவிட ஒரே டிக்கெட்டாக எடுப்பது லாபம். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு மூட்டைக் கணக்கு சரியாக வந்ததுபோல் இருந்தது.

நோட்டை மனைவியிடம் கொடுத்தேன். அவள் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வீட்டுப்பாடம் திருத்துவதுபோல் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். நான்காம் பக்கத்தில் விரல் நின்றது.

"இது என்ன, ஸ்கேல் வச்சு அடிச்சிருக்கிய?"

"அது வேண்டாம்."

"எல்லாத்துக்கும் காரணம் எழுதியிருக்கிய. இதுக்கு மட்டும் ஒண்ணையும் காணோமே. கோவில்பட்டியில ஏறினா நேரே பூனாவுல இறங்கிரலாம். காசும் இதுதான் குறைச்ச."

"கோவில்பட்டிக்கு பஸ்ல போகணும்லா."

"ஒண்ணரை மணி நேரம். அதுக்காக பெங்களூர்ல பொட்டியத் தூக்கிக்கிட்டு ரெண்டு நாள் எங்க போய்க் கிடக்க? பதினோரு வழியில எட்டு பெங்களூர் வழியால்ல இருக்கு. நீங்களே எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். எட்டுதான்.

பெங்களூரில் என் தம்பி இருக்கிறான். என்னைவிட இரண்டு வயது இளையவன். ஒன்பது வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. அம்மா இறந்த அன்று அடக்கம் நாலு மணிக்கு என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அவன் வந்த வண்டி தாமதம். கோவில்பட்டியிலிருந்து போன் செய்து, "கொஞ்சம் பொறு, வந்துட்டேன்" என்றான். குருவானவருக்கு அடுத்த ஊரில் ஆராதனை இருந்தது. வெளியூர்க்காரர்கள் கடைசிப் பஸ்ஸைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், நாலு மணிக்கு எடுக்கச் சொன்னேன். அவன் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடி வந்தபோது மண் போட்டு நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அம்மா முகத்தை அவன் பார்க்கவில்லை. என்னிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பிப் போனான். கட்டணத்தை எண்ணுவதாக நினைத்துக்கொண்டு எட்டு நாளும் நான் அவன் வீட்டுக்குத்தான் வழி தேடியிருக்கிறேன்.

"அங்கன போகணும்னா போகணும்னு சொல்லுங்க" என்றாள். "அதுக்கு ஏன் ரயில்வே விதியத் தூக்கிட்டு வாரிய?"

"வாசல்லயே நிறுத்திட்டான்னா?"

"நிறுத்தினா நிக்கணும்."

தன் கைபேசியிலிருந்து அவன் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். தம்பி மனைவியும் இவளும் ஒன்பது வருடமாக மாதம் ஒருமுறை பேசிக்கொண்டிருக்கிறார்களாம். எனக்குத் தெரியாதே என்றேன். "நீங்க மூட்டையத்தான எண்ணுவிய" என்றாள்.

மறுநாள் காலை ஏழரைக்கே முன்பதிவு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர். படிவம் நிரப்பியிருந்தது. கைபேசியை எடுப்பதும் பையில் போடுவதுமாக இருந்தேன். கவுன்டர் திறந்தது. இன்னும் ஐந்து பேர் என்றபோது எண்ணை அழுத்தினேன். வேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டால் கோவில்பட்டி வண்டிக்கு எழுத இன்னொரு படிவம் கையில் இருந்தது.

"அண்ணன் பேசுதேன்" என்றேன்.

 "எந்த அண்ணன்? எனக்கு உள்ளது ஒரே அண்ணன். அவனுக்கு என் நம்பர் தெரியாதே" என்றான்.

மகள் வீட்டையும் பிரதிஷ்டையையும் சொன்னேன். போகிற வழியில் பெங்களூரில் இறங்கலாம் என்றிருக்கிறோம் என்றேன்.

"பூனாவுக்கு கோவில்பட்டியில இருந்து நேர் வண்டி இருக்கே. நீ எதுக்கு இப்பிடிச் சுத்துத?"

வீட்டுக்கு ஒரு கணக்குக்காரன் போதாதென்று அவனும் அப்படித்தான்.

"உன்னப் பாக்கணும்."

"வண்டி லேட்டா வந்தா நான் காத்துக் கிடக்கணுமோ?"

நான் பயந்த கேள்வி இதுதான். ஒன்பது வருடமாக இதற்குப் பதிலாக குருவானவரையும் கடைசிப் பஸ்ஸையும் தயாராக வைத்திருந்தேன். வாயில் அவை ஒன்றும் வரவில்லை.

"அன்னைக்கு நான் காத்திருந்திருக்கணும்லே" என்றேன். "நாற்பது நிமிசம். அவ்வளவுதான். யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. நான்தான் கடிகாரத்தப் பாத்தேன்."

எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சளியாக இருக்கலாம், பெங்களூரில் குளிர் அதிகம்.

"எத்தனை நாள் இருப்ப?"

"ரெண்டு நாள். அந்த டிக்கெட்டுல அவ்வளவுதான் தங்க முடியும்."

"ஒன்பது வருசத்துக்கு ரெண்டு நாளா? நீ போடுத கணக்கெல்லாம் இப்பிடித்தான். மதினியக் கூட்டிக்கிட்டு ஒரு வாரம் இருக்கதா இருந்தா வா. இல்லன்னா கோவில்பட்டியிலயே ஏறிப் போயிரு."

ஒரு வாரம் தங்கினால் அந்த விதி செல்லாது. இரண்டு டிக்கெட் எடுக்க வேண்டும், புறப்படும் தேதியும் முன்னால் போக வேண்டும், கையில் இருக்கும் படிவம் உதவாது. எனக்கு முன்னால் ஒருவர்தான் நின்றார். பின்னால் நின்ற பெண்ணிடம், "நீ போம்மா" என்று சொல்லிவிட்டு வரிசையை விட்டு வெளியே வந்தேன். பெங்களூருக்கு ஒன்று, அங்கிருந்து பூனாவுக்கு ஒன்று என இரண்டு படிவம் எழுதிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனேன். இப்போது பதினான்கு பேர்.

கவுன்டரில் இருந்தவர் இரண்டையும் பார்த்துவிட்டு, "சேத்து எடுத்தா குறையும் சார்" என்றார்.

"தெரியும்" என்றேன். "ரெண்டா போடுங்க. அவளுக்குக் கீழ் பெர்த்."

கிடைத்தது, இரண்டு வண்டியிலும். எவ்வளவு கூடுதல் என்று அங்கேயே கழித்துப் பார்த்தேன். பதினோரு வழியில் ஒன்பதைவிட இது விலை கூடியது.

வீட்டுக்குள் நுழையும்போது மனைவி போனை வைத்துக்கொண்டிருந்தாள். தம்பி வீட்டிலிருந்து அதற்குள் இரண்டு தடவை அழைப்பு வந்துவிட்டதாம். வரும்போது தம்பிக்கு நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ வேண்டுமாம், அங்கே கிடைப்பது மண்ணாக இருக்கிறதாம்.

"ராத்திரி பூரா பெட்டி முழுக்க மணக்குமே. பக்கத்துல இருக்கவங்க சண்டைக்கு வந்துர மாட்டாங்களா?" என்றேன்.

"ரெண்டு கிலோவாவே வாங்கிருங்க" என்றாள். "ஒரு கிலோ அவருக்கு எந்த மூலைக்கு?"

அதை எத்தனை சுற்றுக் காகிதத்தில் கட்டினால் மணம் வெளியே வராது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆறு சுற்று, அதற்கு மேல் ஒரு எவர்சில்வர் தூக்கு. புறப்பட இன்னும் முப்பத்தொரு நாள் இருக்கிறது.