நான்கு பால் ஜாயின்ட்டும் ஓர் எலுமிச்சம்பழமும்

பழைய ஜீப்புக்கு ஸ்டியரிங் பால் ஜாயின்ட் மாற்றுவது அரை நாள் வேலை. மாற்றச் சொல்லி முதலாளியைச் சம்மதிக்க வைப்பதுதான் ஆயுள் வேலை.

என் குறைகளை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். முதலாவது, சங்கம் வைத்ததற்காக கும்மிடிப்பூண்டி உருக்காலை என்னை வெளியே தள்ளியது. இரண்டாவது, விசாரணைக்கு முன்பே தீர்ப்பை நோட்டீஸ் பலகையில் ஒட்டினார்கள். மூன்றாவது, எனக்காக வேலைநிறுத்தம் செய்வதாகச் சபதம் போட்ட தோழர்கள் அன்றைக்கு ஓவர்டைம் பார்த்தார்கள். நான்காவது, பிழைக்க வந்த ஒர்க்‌ஷாப்புக்கு அதே ஆலையின் ஜீப்பே வந்து நின்றது. அடுத்தவன் வண்டிக்கடியில் படுத்துப் பிழைக்கிறவர்களே, உங்களுக்கு இது புரியும்.

கிரீஸ் வைத்தியம்

ஒப்பந்தத் தொழிலாளர்களை ரயிலடியிலிருந்து ஆலைக்கு ஏற்றிவரும் ஃபோர் வீல் டிரைவ் ஜீப் அது. டிரைவர் ஏழுமலை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். இரண்டு பக்கமும் டக் டக் என்றது. அச்சையும் சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது பால் ஜாயின்ட். பக்கத்துக்கு இரண்டு. கழன்றால் சக்கரம் மடங்கிவிடும்.

ஆலையின் போக்குவரத்து அதிகாரிக்கு போன் போட்டேன். “கிரீஸ் அடிங்க, சத்தம் நின்னுடும்” என்றார்.

ஏழுமலை சிரித்தான். “அவரு ஏசி காருல போய்க்கினு கீறாரு தலைவரே, அவருக்கு எந்தச் சத்தம் கேக்கப்போவுது?”

பாதி சம்மதம்

ஒரு வாரம் வாதாடினேன். இடது பக்கத்துக்கு மட்டும் இரண்டு ஜாயின்ட் வந்தது. வலது பக்கத்துக்கு, பெரியபாளையத்து அம்மன் கோயிலில் பூஜை போட்ட எலுமிச்சம்பழம் வந்தது.

அழுத்திக் கழற்றும் கருவியை வைத்து நான் இடது பக்கத்தை முடிப்பதற்குள், ஏழுமலை பழத்தைக் கட்டி முடித்துவிட்டான். “லெஃப்டுக்கு நீ பொறுப்பு, ரைட்டுக்கு ஆத்தா பொறுப்பு. இன்னா, சரியா?”

பள்ளத்தின் குற்றம்

அடுத்த மழையில், தொழிற்பேட்டை வளைவில் வலது சக்கரம் மடங்கி உட்கார்ந்தது. மெதுவாகத் திரும்பியதால் யாருக்கும் அடியில்லை. ஜாக்கியோடு நான் போய்ச் சேர்ந்தபோது அதிகாரியும் வந்திருந்தார். இறங்கிய தொழிலாளர்கள் சேற்றில் நின்றார்கள்.

“பள்ளத்துல விட்டு உடைச்சிட்டான். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க. நாளையிலேர்ந்து இவன் வேலைக்கு வர வேணாம்” என்றார் அதிகாரி என்னிடம்.

“வலது பக்கம் மாற்ற வேண்டாம் என்று சொன்னது யார்?” என்றேன்.

“மேனேஜ்மென்ட்.”

ஏழுமலை கையைக் கட்டிக்கொண்டான். “மேனேஜ்மென்ட்டுக்கு அம்மா அப்பா வெச்ச பேரு இன்னா சார்?”

தொழிலாளர்கள் நெருங்கி வந்தார்கள். அதிகாரி என் காதோரம் குனிந்தார். “சரி, டிரைவர் மேல தப்பில்ல. வேலையில இருக்கட்டும். ரைட்டையும் மாத்திடுங்க.”

“அத்த சத்தமா, பேரோட சொல்லச் சொல்லு தலைவரே!” என்றான் பக்கத்திலேயே நின்ற ஏழுமலை.

அவர் தன் காரை நோக்கித் திரும்பினார். நிர்வாகத்துக்கு முகமே கிடையாது என்று காலமெல்லாம் துண்டறிக்கை எழுதிய நான், அதன் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பிடித்து, அத்தனை பேர் சாட்சியாக உரக்க வாசித்தேன்: “எஸ். பத்மநாபன், துணை மேலாளர், போக்குவரத்து.”