முழுக்குத் தொட்டியை உடைத்த ஷப்பீரா

உங்கள் தம்பியைச் சிலுவையில் அறையத் தேடி வருகிறார்கள் என்றால், நீங்கள் மனு எழுதுவீர்களா, கடப்பாரையை எடுப்பீர்களா?

ஷப்பீரா கடப்பாரையை எடுத்தாள். ரோமர் ஆண்ட காலத்தில், லித்தா நகருக்குத் தெற்கே, சுண்ணாம்புக் குன்றின்மேல் இருந்த யூதர் ஊரில் ஒலிவ எண்ணெய்ச் செக்கு நடத்தியவள். கணவன் இறந்ததும் செக்கை விற்றுவிடச் சொன்னவர்களிடம், "செக்கு சாகலியே" என்றவள்.

அவள் தம்பி யாக்கீமை ரோமர்கள் சாலைக்குக் கல் சுமக்க இழுத்துப்போனார்கள். கூலி கிடையாது, சாட்டையடி உண்டு. இதற்குப் பெயர் நாகரிகத்தைப் பரப்புவது! ஒருநாள் யாக்கீம் கல் கூடையை மேற்பார்வையாளன் தலையில் கவிழ்த்துவிட்டு ஓடிவந்து அக்காவின் நிலவறையில் புகுந்தான். சிப்பாய்கள் ஊர் ஊராகத் தேடத் தொடங்கினார்கள்.

நிலவறையிலிருந்து பள்ளத்தாக்குவரை சுரங்கம் வெட்ட வேண்டும். கவசம் போட்டவன் நுழைய முடியாத அளவுக்குக் குறுகலாக வெட்டினாள். சத்தம் கேட்டவர்களிடம், "அறுவடை வருதுல்ல, செக்குக் கல்லைக் கொத்துறேன்" என்றாள். வெட்டிய சுண்ணாம்பைத்தான் எங்கே போடுவதென்று தெரியவில்லை. வாசலில் கொட்டினால் வெள்ளைக் குவியலே காட்டிக்கொடுக்கும். பள்ளத்தாக்குக்குப் போகும் வழியிலோ சிப்பாய்களின் காவல். காலி ஜாடிகளெல்லாம் நிரம்பிவிட்டன.

சிப்பாய்கள் வருவதற்குள் முடிக்கும் அவசரத்தில் திசை தப்பியது. கடப்பாரை பாறையைத் துளைத்து மறுபக்கம் போய் நின்றது.

"ஐயோ! யாருடி அது?"

போதகர் ஹனினாவின் மனைவி மகலாத்தின் குரல். மாதவிலக்கு முடிந்த பெண்கள் முங்கி எழும், பாறையில் குடைந்த முழுக்குத் தொட்டியின் சுவரை, மகலாத் அதில் நிற்கும்போதே உடைத்திருந்தாள் ஷப்பீரா.

"நான்தான்க்கா... ஷப்பீரா."

"செக்குக் கல்லு என் முழங்காலுக்குக் கீழயாடி இருக்கு?"

பதில் சொல்வதற்குள் தண்ணீர் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. தொட்டி வற்றியது. நனைந்த கோழியாக யாக்கீம் வெளியே வந்தான்.

ஊர் கூடியது; சுரங்கத்தையும் சுண்ணாம்பு நிரம்பிய ஜாடிகளையும் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். தொட்டியில் மழைத் தண்ணீர்தான் நிற்க வேண்டும். அதில் முங்காமல் மனைவி கணவனோடு படுக்கக் கூடாது. மழைக்கோ இன்னும் இரண்டு மாதம்.

"குடத்துல மொண்டு ஊத்தினா ஆகாதா, ஐயா?" என்று புதிதாகக் கல்யாணமான ஒருவன் பரிதாபமாகக் கேட்டான்.

"மொண்ட தண்ணி ஆகாதுப்பா" என்றார் ஹனினா. அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

"ஒருத்தனுக்காக ஊரே பட்டினி கிடக்கணுமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஷப்பீரா சீறினாள். "தொட்டி மழையில ரொம்பிடும். இவனை ஆணியில தொங்க விட்டா எந்த மழை வந்து எறக்கும்?"

மகலாத் சிரித்தாள்.

"அடுத்த ஊர்ல தொட்டி இருக்குல்ல? பள்ளத்தாக்கைத் தாண்டித்தானே போகணும். நாங்க மாத்துத் துணி மூட்டையோட கூட்டமாப் போறோம். மூட்டைக்குள்ள துணி இருக்கா சுண்ணாம்பு இருக்கான்னு எவன் பாக்கப்போறான்?"

"காவக்காரன் கேட்டா?" என்றார் ஹனினா.

"நீங்க கேட்டாலே வாயடைக்கிற மாதிரி சொல்றவ நான். அவன் எம்மாத்திரம்?"

மறுநாள் காவல்காரன் மூட்டையைக் காட்டிக் கேட்டான். எதற்கு முழுக்கு, எத்தனை நாள் விலகியிருப்பது, அதில் யாருக்கு என்ன சிக்கல் என்று மகலாத் ஒன்றுவிடாமல் விளக்க ஆரம்பித்தாள். பாதியிலேயே அவன் காது சிவந்துவிட்டது.

"போங்கம்மா, போங்க! தினமும் போங்க! எங்கிட்ட மட்டும் சொல்லாதீங்க!"

பெண்கள் தினமும் போனார்கள். முங்க வேண்டாதவர்களும் போனார்கள். சுண்ணாம்பு ஓடைப் படுகையில் கொட்டப்பட்டது. மனைவிமார் திரும்பும்வரை வேறு வேலையற்றுப்போன கணவன்மார் சுரங்கத்தில் இறங்கி, தொட்டியின் ஓட்டையை அடைத்துவிட்டு வெட்டினார்கள்.

சிப்பாய்கள் ஷப்பீராவின் நிலவறைக்குள் இறங்கிய காலையில், யாக்கீம் பள்ளத்தாக்கின் கரோப் மரத்தடியில் தலையை வெளியே நீட்டி, மலைக்குப் போய்க் கிளர்ச்சிக்காரர்களோடு சேர்ந்துவிட்டான்.

ரோமர்களுக்கு எதிராகப் பிறகு மூண்ட பெரும் போரில் அந்த மக்கள் வெல்லவில்லை. எத்தனையோ ஊர்கள் சாம்பலாயின. ஆனாலும் பிடிபடாமல் நெடுநாள் தப்பியவர்களில் யாக்கீமும் ஒருவன். அவனைக் கடவுளும் காப்பாற்றவில்லை, படையும் காப்பாற்றவில்லை; தொட்டியை இழந்தும் மூட்டை சுமந்த ஓர் ஊர் காப்பாற்றியது. இன்றும் கூலியில்லாமல் அடித்து வேலை வாங்கப்படும் ஒருவர், செங்கல் சூளையிலோ பூட்டிய வீட்டுச் சமையலறையிலோ, உங்கள் பக்கத்திலேயே இருக்கலாம். இந்தக் கதையை மூடி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு, இன்றே போய் அந்தக் கதவைத் தட்டுங்கள்.