செங்கல் நிறம்

திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்து, விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் நைட் டூட்டி ஆயாவாக இருந்தேன். பகலில் சரியாகத் தூங்கியதே இல்லை. உடம்பு இளைத்தது. தாகம் அடங்கவில்லை.

ஒருநாள் விடிகாலையில் நோயாளிகளின் மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சும்போது, என்னுடையதையும் காய்ச்சினேன். செங்கல் நிறமானது. சர்க்கரை நோய்க்கு அதுதான் அடையாளம். கண்ணாடிக் குழாயைச் சரியாகக் கழுவவில்லையோ என்று தேய்த்துக் கழுவி மறுபடி காய்ச்சினேன். அதே நிறம்.

"எந்த பெட்டும்மா இது? ஊசி போடணும்," என்றார் நர்ஸ்.

பொய் சொன்னால் யாருக்கோ ஊசி விழும்.

"என்னுதுங்க சிஸ்டர். பகல் டூட்டி வாங்கிக் குடுங்க."

"சீக்காளின்னு தெரிஞ்சா நிறுத்திடுவாங்க. வாயத் தொறக்காத."

குழாயில் இருந்ததை நானே கொட்டினேன். அன்று இரவும் டூட்டிக்குப் போனேன்.