பன்னிரண்டாவது பெயர்

பட்டியலில் பன்னிரண்டாவது பெயரை எழுதுவதுதான் எனக்கு எப்போதும் சுலபம். மற்ற பதினொன்றுக்கும் சண்டை. கமிட்டியில் ஆளுக்கொரு மச்சான், ஆளுக்கொரு மருமகன். கிளப் தலைவர் காரில் வந்து இறங்கி, பந்தைக் காலால் உதைப்பதா கையால் எறிவதா என்றே தெரியாத ஒருவனுக்கு சிபாரிசு சொல்லிவிட்டுப் போவார். எல்லாருக்கும் பதில் சொல்லிச் சொல்லி என் வாயும் கெட்டது, பேரும் கெட்டது. "அண்ணாச்சி கிட்ட போகாதே, கடிச்சிடுவாரு" என்று ஆட்டக்காரர்களே சொல்லிக்கொள்வார்களாம். சொல்லட்டுமே, எனக்கென்ன.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் நான் குமாஸ்தா. ஆபீஸ் விட்டால் கால்பந்து கிளப்புக்குச் செயலாளர். எனக்குத் தெற்கே தூத்துக்குடிப் பக்கம். அண்ணன் குடும்பம் கொத்தவால் சாவடியில் மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்தது. அண்ணிக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. நாற்பது வயதில், கல்யாணமும் இல்லாமல், ராயபுரத்தில் ஒற்றை அறையில் இருந்தேன்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலமே பட்டியலை என் கையால் எழுதி, டீக்கடைச் சுவரில் இருக்கும் ஆணியில் மாட்டுவேன். மாட்டிவிட்டு மூலை மேஜையில் உட்கார்ந்தால் ஒருத்தனும் பக்கத்தில் வரமாட்டான். பேர் இருக்கிறவனுக்கு நான் தேவையில்லை. பேர் இல்லாதவனுக்கு என்னைக் கண்டாலே ஆகாது.

அவன் ஒருத்தன்தான் வருவான், எங்கள் ரிசர்வ் கோல்கீப்பர். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர், காசிமேட்டுக்காரன்.

"இன்னா அண்ணாச்சி, நம்ம பேரு கீதா?"

"இருக்கு, இருக்கு. கடைசியில இருக்கு."

"அது போதும்" என்று எதிரே உட்கார்ந்து டீ சொல்வான்.

அந்தக் காலத்தில் ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்றுகிற வழக்கமே இல்லை. பதினொரு பேர் இறங்கினால் இறங்கினதுதான். ஒருத்தன் காலை உடைத்துக்கொண்டால் மிச்சம் பத்துப் பேர் ஆடவேண்டும். முதல் ஆள் வராமலே போனால்தான் ரிசர்வுக்கு இடம். எங்கள் முதல் கீப்பருக்கோ ஜலதோஷம்கூடப் பிடிக்காது. மூன்று வருஷம் இவன் மஞ்சள் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் பந்துப் பெட்டிமேல் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்தான். ஒருநாளும் அவன் இறங்கியதில்லை. அழுக்கே படாத ஜெர்சியை அவன் அம்மா வாராவாரம் துவைத்து மடித்துக் கொடுத்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அறைக்கு வருவான். வாழையிலையில் வறுத்த மீன் கொண்டுவருவான். நான் காப்பி போடுவேன். பிறகு இருவருமாகப் பந்துகளைச் சரிசெய்வோம். தோல் பந்துக்குள் ரப்பர் பிளாடர் இருக்கும். காற்றடித்து, அதன் கழுத்தை மடக்கி உள்ளே அழுத்தி, மேலே தோல்வாரை இழுத்துக் கட்டவேண்டும். ஒருத்தர் அழுத்தவேண்டும், ஒருத்தர் கட்டவேண்டும். நான் அழுத்துவேன், அவன் கட்டுவான். எந்நேரமும் பேசிக்கொண்டே இருப்பான், நான் அதட்டிக்கொண்டே இருப்பேன். வாரத்தில் ஆறு நாளும் நான் காத்திருந்தது அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான்.

மூன்றாவது வருஷம் லீக் தொடங்குவதற்கு முன்னால் வியாசர்பாடியிலிருந்து ஒரு கிளப்பின் செயலாளர் கடிதம் எழுதியிருந்தார். அவர்களுடைய கீப்பர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டானாம். எங்கள் ரிசர்வை விடுவித்தால் அவனையே முதல் கீப்பராகப் போட்டுக்கொள்கிறோம், அவனைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். பெயர்ப் பதிவு முடிவதற்குள் நான் விடுதலைக் கடிதம் கொடுக்கவேண்டும். தேதி தாண்டினால் அந்த வருஷம் முழுக்க அவன் எங்கள் ஆள்தான்.

நான் அவனைக் கேட்கவில்லை. "ஆட்டக்காரருக்கு விருப்பமில்லை" என்று பதில் எழுதிப் போட்டுவிட்டேன். கிளப்புக்கு ரெண்டாவது கீப்பர் வேண்டாமா என்று எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டேன். வெறும் பொய். அவன் வியாசர்பாடிக்குப் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை என் கதவைத் தட்ட ஆளில்லை. அவ்வளவுதான் விஷயம். வைக்கோற்போர் நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்னவிடாது என்பார்களே, அந்த நாய்தான் நான். அந்த வாரமும் அவன் மீன் கொண்டுவந்தான். நானும் ருசித்துத் தின்றேன்.

லீக் ஓடி முடிந்து, கடைசி ஆட்டம் ஒன்று பாக்கி. ஜெயித்தாலும் தோற்றாலும் எங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. முதல் கீப்பர் தங்கை கல்யாணத்துக்கு அரக்கோணம் போகவேண்டும் என்றான். போய்ட்டு வாடா மகராசா என்று அனுப்பிவைத்தேன். பட்டியலில் கோல்கீப்பர் பெயர்தான் முதலில் வரும். அந்த வெள்ளிக்கிழமை அவன் பெயரை முதலில் எழுதினேன். செய்த பாவத்துக்கெல்லாம் அது போதும் என்று நினைத்தேன், வெட்கங்கெட்டவன்.

அவன் வந்து ஆணிக்கு முன்னால் நெடுநேரம் நின்றான். "மொத பேரு" என்றான். டீகூடக் குடிக்கவில்லை. "வியாசர்பாடில மாமா வூட்டாண்ட சொல்லிட்டு வந்துர்றேன் அண்ணாச்சி" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான்.

மறுநாள் ஆட்டத்துக்கு அவன் வரவில்லை. பத்துப் பேர் இறங்கி நின்றார்கள். ரெஃபரி விசிலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பதிவுப் படிவத்தில் இடம் மிச்சமிருந்தால் செயலாளர்கள் தங்கள் பெயரையும் எழுதிவைப்பது அப்போது வழக்கம். கேப்டனுக்கு அது ஞாபகம் வந்துவிட்டது. "நீங்களே நில்லுங்க அண்ணாச்சி" என்றான். வெள்ளிக்கிழமையே அவன் கொண்டுவந்து கொடுத்திருந்த மஞ்சள் ஜெர்சி மடிப்புக் கலையாமல் பெட்டியில் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, கோலுக்குள் போய் நின்றேன். ஜனம் சிரித்தது.

முதல் கோல் என் காலுக்கு நடுவில் போயிற்று. பந்தைப் பொறுக்கக் குனிந்தபோது வலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ரெண்டடி முன்னால வா அண்ணாச்சி. கம்பத்தக் கட்டிக்கினு நிக்காத."

தொழிற்சாலைக் காக்கி உடுப்போடு அவன் நின்றிருந்தான்.

"ஏண்டா எறங்கலை?"

"நேத்து வியாசர்பாடி கிளப்பு செக்ரெட்ரி பாத்தாரு. கூப்ட்டப்ப வரமாட்டேன்னுட்டு, அங்க குந்திக்கினு இன்னா கண்டேன்னு கேக்கறாரு. நான் எப்ப அண்ணாச்சி வரமாட்டேன்னு சொன்னேன்?"

பந்தை எடுத்து நடுவுக்கு உதைத்துவிட்டு, அவன் சொன்னபடி ரெண்டடி முன்னால் வந்து நின்றேன்.

"எடது பக்கம் வர்றான் பாரு. வுழு" என்றான்.

விழுந்தேன். பந்து கையில் பட்டு வெளியே போயிற்று. அதற்குப் பிறகும் இரண்டு கோல் வாங்கினேன். கடைசிவரை அவன் அங்கேயே நின்று எங்கே நிற்கவேண்டும், எப்போது விழவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆட்டம் முடிந்ததும் கோலைச் சுற்றிக்கொண்டு வலைக்குப் பின்னால் அவனிடம் போனேன்.

"நீ வரமாட்டேன்னு நாந்தான் எழுதிட்டேன். உன்னை விட மனசில்லை."

"கிளப்புக்கோசரமா?"

"இல்லை. எனக்காக. நீ போயிட்டா ஞாயித்துக்கிழமை யாரு வருவா?"

சாய்த்து வைத்திருந்த சைக்கிளை நிமிர்த்தினான். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அத்த எங்கிட்டயே சொல்லிருக்கலாமே அண்ணாச்சி. சனிக்கெழம வியாசர்பாடிக்கு ஆடிட்டு, ஞாயித்துக்கெழம உன் வூட்டுக்கு வந்துருப்பேனே."

சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

திங்கட்கிழமையே விடுதலைக் கடிதத்தை எழுதி, நானே வியாசர்பாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வருஷம் அவன் அவர்களுக்கு முதல் கீப்பரானான். எதிரே நின்று எங்கள் பந்துகளைப் பிடித்தான். என்னைப் பார்த்தால் "நல்லா கீறியா அண்ணாச்சி" என்பான். அதற்குமேல் பேசமாட்டான்.

நான் கோலில் நின்ற அந்த ஆட்டத்துக்கு அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. வரமாட்டான் என்று தெரிந்தும் இரண்டு பேருக்குக் காப்பி போட்டேன். பத்து மணிவரை பார்த்துவிட்டுப் பந்தை எடுத்தேன். முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு பிளாடரை அழுத்தினால் வாரை இழுக்கக் கை இல்லை. வாரைப் பல்லால் கடித்து இழுத்தால் விரல் நழுவிக் காற்று போய்விடுகிறது. மூன்று தடவை பார்த்தேன். பிறகு பந்தை அப்படியே பெட்டிக்குள் வைத்து மூடினேன்.