நாற்பத்தொன்றில் நின்ற குரல்

பேய் என்றால் நடுநிசியும் சுடுகாடும் வேண்டும் என்பவர்கள் ஏமாந்து போவார்கள். இது விடிந்துகொண்டிருக்கும் நேரத்தில் நடந்தது. கோயில் மணி காதில் விழும் தூரத்தில் நடந்தது. தியாகு சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். சாமிக்கு விளக்கேற்றாமல் காப்பி குடிக்காத மனிதர் அவர். பொய் சொல்ல அவருக்கு வராது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம், மார்கழி மாதம். தியாகு பஸ் ஷெட்டில் டீசல் எஞ்சின் பழுது பார்க்கும் பிட்டர், வீடு புக்கிட் ரம்பாயில். முதல் பிரசவத்தில் அவர் மனைவி மல்லிகாவுக்கு வலி கண்டபோது வாகனம் கிடைக்கவில்லை. ரப்பர் பால் ஏற்றும் லாரி வருமா என்று இரண்டு மணி நேரம் சாலையோரம் காத்திருந்தார்கள். குழந்தை அழவேயில்லை. இப்போது மறுபடியும் எட்டாம் மாதம். இந்தத் தடவை வாசலில் ஒரு கார் நின்றாக வேண்டும். அது ஒன்றுதான் அவருடைய வேண்டுதல்.

"டீசல் காரா? பஸ் ஷெட்டு நாத்தம் பத்தலையா உங்களுக்கு, வீட்டுக்கும் கொண்டு வரணுமா லா?" என்று மல்லிகா கேலி செய்தாள்.

பக்கத்து ஊரான காஜா பெராங்கில் ராஜரத்தினம் என்ற, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியார் தன் ஜெர்மன் டீசல் காரை விற்பதாகக் கேள்விப்பட்டுத் தியாகு போய்ப் பேசினார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"நான் வந்து பார்க்கிற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணிடாதீங்க அண்ணே. சூடான எஞ்சின் பொய் சொல்லும். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையச் சொல்லும்."

"ஏழு மாசமா யாரும் தொடல தம்பி. பெட்ரி செத்துக் கிடக்கு" என்றார் ராஜரத்தினம்.

ஆகவே மறுநாள் தியாகு, ஷெட்டில் இரவல் வாங்கிய பெட்ரியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்தபோது ஐந்து நாற்பது. ராஜரத்தினம் சாவியை நீட்டிவிட்டு வாசற்படியிலேயே நின்றுகொண்டார். வண்டிப் பக்கம் வரவில்லை.

தியாகு எஞ்சின் மூடியில் கை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. அடியில் ஒழுக்கு இல்லை. எண்ணெய் கறுப்புதான், ஆனால் துகள் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்த இடமெல்லாம் சுத்தம். பெட்ரியை மாட்டினார்.

ஒன்று மட்டும் உறுத்தியது. பின்பக்க இடது ஜன்னல் கண்ணாடியில் மட்டும் பனி படிந்திருந்தது. துடைத்துப் பார்த்தார். போகவில்லை. ஈரம் உள்ளேயிருந்து படிந்தது... யாரோ பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விட்டதைப் போல.

பின்சீட்டில் கை வைத்து அழுத்தினார். வலதுபக்கம் நிமிர்ந்து இருந்தது. இடதுபக்கம் ஏற்கனவே அமுங்கி இருந்தது. ஸ்பிரிங் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

முன்னால் ஏறி உட்கார்ந்தார். ஐந்து ஐம்பத்திரண்டு. அந்தக் கால டீசல் காரை உடனே கிளப்ப முடியாது. ஒரு குமிழைப் பாதி இழுத்துப் பிடித்து, உள்ளே கம்பி சூடாகும்வரை ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும். பிறகுதான் முழுக்க இழுக்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போது முன்னாலேயே இழுத்தால் எஞ்சின் பிடிக்காது, பெட்ரி தீர்ந்துவிடும்.

பாதி இழுத்துப் பிடித்தார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

பெண் குரல். மெல்லிய குரல். வீட்டுக்குள்ளிருந்து வருகிறது என்று நினைத்தார். ஆனால் ராஜரத்தினம் தனியாள்.

"பதினேழு... பதினெட்டு..."

குரல் பின்கழுத்துக்கு அருகே வந்தது. மூச்சு வாங்கி வாங்கி எண்ணியது. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தார். பின்சீட்டு காலி.

"நாப்பது... நாப்பத்தொண்ணு..."

நின்றுவிட்டது.

இறங்கி ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனால் குமிழைப் பிடித்த பிடியை விடவில்லை.

பின்னால் ஒரு விசும்பல்.

"ஒண்ணு... ரெண்டு..."

முதலிலிருந்து மறுபடியும்.

மறுபடியும் நாற்பத்தொன்று.

மறுபடியும் விசும்பல்...

பயத்தையும் மீறித் தியாகுவுக்குப் பாவமாக இருந்தது. யாரோ எதையோ முடிக்க முடியாமல் தவிக்கிறார்கள். மூன்றாம் முறை குரல் நின்றதும், அவரே சொன்னார்.

"நாப்பத்திரண்டு."

பின்னாலிருந்து விசும்பல் வரவில்லை. அவரே தொடர்ந்தார்.

"நாப்பத்து மூணு... நாப்பத்து நாலு..."

அறுபது வரை எண்ணி, குமிழை முழுக்க இழுத்தார். முதல் இழுப்பிலேயே எஞ்சின் பிடித்தது. புகை இல்லை. இரைச்சல் ஒரே சீராக இருந்தது.

பின்சீட்டில் 'க்ரீச்' என்று ஒரு சத்தம். அமுங்கியிருந்த பக்கம் மெல்ல நிமிர்ந்தது.

எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். வாசற்படியில் ராஜரத்தினம் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எண்ணினாளா?" என்றார்.

"ஆமாண்ணே."

"எம் பொஞ்சாதி, சிவகாமசுந்தரி. நான் அவசரக்காரன் தம்பி. குமிழை முன்னாலேயே இழுத்துருவேன். அவ பின்னால உக்காந்து எண்ணுவா. அறுபது ஆனாத்தான் இழுக்க விடுவா." துண்டால் கண்ணைத் துடைத்தார். "ஏழு மாசத்துக்கு முன்னால வலி கண்டுச்சு. மருத்துவச்சி அஞ்சலை பின்சீட்டுல அவள மடியில போட்டு வச்சிருந்தாங்க. அந்த வலியிலயும் எண்ணினா. நாப்பத்தொண்ணு சொன்னா. அதுக்கு மேல என்னால பொறுக்க முடியல, இழுத்துட்டேன். பிடிக்கல. திரும்பத் திரும்ப இழுத்தேன். பெட்ரி செத்துப்போச்சு. வேற வண்டி தேடிட்டு வர்றதுக்குள்ள ரெண்டு உசிரும் போயிருச்சு. பத்தொன்பது எண்ணிக்கை தம்பி. அத நான் பொறுத்திருந்தா..."

தியாகு பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் சம்சாரத்துக்குன்னு சொன்னே. வேண்டாம்னா விட்டுரு" என்றார் ராஜரத்தினம்.

தியாகு பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் குரலில் கெடுதல் இல்லை. ஒரு அவசரக்காரரைப் பொறுமையாக இருக்கச் சொன்ன குரல் அது. வண்டியை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு ஒரு நாளும் குரல் கேட்கவில்லை.

தை மாதம், பகல் பதினொன்று இருபதுக்கு மல்லிகாவுக்கு வலி கண்டது. துணைக்கு வந்த மருத்துவச்சி அதே அஞ்சலைதான். வாசலில் காரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பின்சீட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தியாகு அறுபது எண்ணி இழுத்தார்.

ஒன்று நாற்பதுக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. நன்றாக அழுதது. தியாகுவும் அழுதார்.

வராந்தாவில் அஞ்சலை தானாகவே பேச்செடுத்தார்.

"கிராணியார் தன்னாலதான் போச்சுன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. அப்படி இல்ல தம்பி. தூக்கிட்டுப் போங்கன்னு நான் சொல்றதுக்கு முன்னாலயே, வீட்டுல, பாயிலேயே அவரு பொஞ்சாதிக்கு உசிரு போயிருச்சு. அந்த மனுசன் முகத்தப் பார்த்து எனக்குச் சொல்ல வாய் வரல. அவரு ஓடி ஆடட்டும், முடிஞ்சதெல்லாம் செஞ்சோம்னு மனசு ஆறட்டும்னு விட்டுட்டேன். அதுவே அவருக்குப் பாரமாப் போச்சு."

தியாகு எழுந்தார். "இப்பவே போய்ச் சொல்றேன். நிம்மதியாவாரு."

அஞ்சலை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சொல்லு. ஆனா அதோட நிறுத்திக்க. மிச்சத்தச் சொல்லாத."

"மிச்சம் என்னம்மா?"

"கார்ல என் மடியிலதான் படுத்திருந்தா. உடம்பு சில்லிட்டுப் போச்சு. நான்தான் கண்ண மூடி, வாய் திறக்காம இருக்கத் துணியால தாடையக் கட்டி, அவருக்குத் தெரியாம முந்தானையப் போர்த்தியிருந்தேன்..."

அஞ்சலையின் குரல் இறங்கியது.

"எண்ணுனது எனக்கும் கேட்டுச்சு தம்பி."